ரிக் வண்டிப் படத்துக்கு 50 லட்சம் வியூஸ் வேண்டுமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். நான் திருச்செங்கோட்டுக்காரன். போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்பவர்களை வைத்து ஒரு படம் எடுத்து முடித்திருக்கிறேன். பணம் போட்டது என் மாமாவும் அவருடைய மூன்று நண்பர்களும். தெரிந்த முகம் என்று படத்தில் யாரும் இல்லை. சென்சார் முடிந்துவிட்டது, இன்னும் ஆறு வாரத்தில் ரிலீஸ். டிஸ்ட்ரிபியூட்டர் 60 தியேட்டர் பேசிக்கொண்டிருக்கிறார். டிஜிட்டல் விளம்பரத்துக்குக் கையில் இருப்பது 6 லட்சம். சென்னையில் ஒரு ஏஜென்சி 9 லட்சத்துக்கு பேக்கேஜ் சொல்கிறது: ட்ரெய்லருக்கு 50 லட்சம் வியூஸ், ரிலீஸ் அன்று எக்ஸ் தளத்தில் ஹேஷ்டேக் ட்ரெண்டிங், 25 மீம் பக்கங்கள், 15 யூடியூப் சேனல்களில் நல்ல விமர்சனம். "வியூஸ் இல்லாட்டி தியேட்டர்காரன் ஷோ தரமாட்டான்" என்கிறார்கள். குறைகிற 3 லட்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். பாட்டு உரிமையை ஓர் ஆடியோ கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம், ட்ரெய்லரும் அவர்கள் சேனலில்தான் வரும். ட்ரெய்லரையும், இழுவையாக இருக்கிறது என்று எடிட்டர் அதில் சேர்க்க மறுத்த ஒரு காட்சியையும் அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஹீரோவுக்கு ரிக் ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரில்லர் அண்ணன் இப்போது மத்தியப் பிரதேசத்தில் வேலையில் இருக்கிறார். தினமும் போன் போட்டு "படம் எப்போ" என்று கேட்கிறார். என்ன செய்யட்டும்? (பெயரும் படத்தின் பெயரும் வேண்டாம்.)

பதில்:

தம்பி, முதலில் நகை. அதை வைக்காதீர்கள். உங்கள் வீட்டு விஷயத்தில் தலையிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், தொழில் கணக்காகவே சொல்கிறேன். அந்த 3 லட்சம் சேர்ந்து 9 லட்சம் ஆனாலும் அந்த பேக்கேஜ் உங்களுக்கு ஒரு டிக்கெட் விற்றுத் தரும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. 6 லட்சத்தைச் சரியாகச் செலவு செய்தால் திருச்செங்கோட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உங்கள் படத்துக்கு ஒரு முழு வாரம் கூட்டம் வர வாய்ப்பு இருக்கிறது. சின்னப் படத்துக்கு அது பெரிய விஷயம்.

இந்த 50 லட்சம் வியூஸ் எப்படி வருகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நேர்மையான ஏஜென்சியாக இருந்தால் யூடியூபில் விளம்பரமாக ஓட்டுவார்கள். யாரோ ஒருவர் சமையல் வீடியோ பார்க்கப் போவார், அதற்கு முன்னால் உங்கள் ட்ரெய்லர் வரும். அவர் ஸ்கிப் பண்ணாமல் 30 நொடி விட்டுவைத்தால் அது ஒரு வியூ. கையில் மாவு இருந்ததால் ஸ்கிப் பண்ண முடியாமல் போனாலும் அதுவும் வியூதான். ஒரு வியூவுக்குப் பைசாக் கணக்கில் செலவு. பேக்கேஜில் சொன்ன எண்ணை எட்டியாக வேண்டும் என்பதால், எங்கே பைசா குறைவோ அங்கே ஓட்டுவார்கள். தமிழ்நாடு முழுக்க, பிறகு இந்தியா முழுக்க, எந்த வயது, எந்த ஊர் என்ற கணக்கே இருக்காது. நேர்மையில்லாத ஏஜென்சி என்றால் ஆளே இல்லாத போலிக் கணக்குகள். யூடியூப் கண்டுபிடித்தால் எண்ணிக்கையைக் கழித்துவிடும், வீடியோவையே தூக்கவும் செய்யலாம்.

விளம்பரத்தில் வந்த வியூவுக்கு என்ன மதிப்பு என்பதை யூடியூபே சொல்லிவிட்டது. "24 மணி நேரத்தில் இத்தனை கோடி" என்று பாட்டுக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விளம்பரம் ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. 2019 செப்டம்பரில், இனிமேல் பாட்டுப் பட்டியலுக்கும் 24 மணி நேரச் சாதனைக்கும் காசு கொடுத்து வந்த வியூஸைச் சேர்க்க மாட்டோம் என்று யூடியூப் அறிவித்தது. தன் கல்லாவுக்குப் பணம் கொண்டுவந்த எண்ணையே தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னப் படத்தின் ரிலீஸுக்கு நான்கு நாள் முன்பு என்னிடம் வந்தார்கள். ட்ரெய்லர் 40 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சேனலின் உள்கணக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். எத்தனை நொடி பார்த்தார்கள் என்று ஒரு கோடு வரும். அந்தக் கோடு ஆறாவது நொடியில் சுவரிலிருந்து விழுந்த மாதிரி கீழே இறங்கியது. எந்த ஊரில் பார்த்தார்கள் என்று அடுத்த பக்கத்தைத் திறந்தோம். மதுரையைச் சுற்றி நடக்கிற கதை அது, படத்துக்குக் கிடைத்த தியேட்டர்களும் பெரும்பாலும் தெற்கே. முதல் பத்து ஊர்களில் மதுரை இல்லை. இரண்டு மூன்று வடமாநில நகரங்கள் இருந்தன. தயாரிப்பாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாதா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு அவர் ஊர் தியேட்டரில் 11 பேர். அதில் நான்கு பேர் அவருடைய சொந்தக்காரர்கள்.

"வியூஸ் இல்லாட்டி ஷோ தரமாட்டான்" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரும் தியேட்டர் மேனேஜரும் ட்ரெய்லர் எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்பார்கள், ஓடிடி பேச்சுவார்த்தையிலும் கேட்பார்கள். ஆனால் அவர்களும் இந்த விளையாட்டைப் பல வருடமாகப் பார்த்துவிட்டார்கள். 50 லட்சம் வியூவுக்குக் கீழே 200 கமெண்ட், அதிலும் பாதி "ஆல் த பெஸ்ட் புரோ" என்றால் அவர்களுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். மாறாக 3 லட்சம் வியூஸ், கீழே ஆயிரம் கமெண்ட், அதில் "எங்க சித்தப்பா பதினெட்டு வருஷம் ரிக்ல இருந்தாரு" என்கிற மாதிரி நூறு இருந்தால், அந்த ஸ்க்ரீன்ஷாட்டை ராசிபுரம் தியேட்டர் மேனேஜரிடம் காட்டிப் பாருங்கள். இது தன் ஊர் ஆட்கள் பேசுகிற பேச்சு என்று அவருக்குத் தெரியும்.

பெரிய வெற்றிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2011 நவம்பரில் 'கொலவெறி' பாட்டு யூடியூபில் வந்தது. உலகமே பாடியது, தமிழ் தெரியாதவர்களும் பாடினார்கள். அது இடம்பெற்ற '3' படம் 2012 மார்ச்சில் வந்தபோது அந்தப் பாட்டின் புகழுக்குப் பக்கத்தில் கூட வசூல் போகவில்லை. பாட்டைப் பிடித்தவருக்குப் பாட்டு கையிலேயே இருந்தது, தியேட்டருக்குப் போக வேறொரு காரணம் தேவைப்பட்டது. 2017-ல் 'மெர்சல்' படத்துக்கு ட்விட்டரில் தனி எமோஜி வாங்கினார்கள். தென்னிந்தியப் படத்துக்கு அதுதான் முதல் முறை. ஏற்கெனவே லட்சக்கணக்கில் ரசிகர்கள் காத்திருக்கும் நடிகருக்கு அது கொண்டாட்டம். உங்களுக்கு ஹேஷ்டேக் ட்ரெண்டிங் வாங்கித் தருகிறோம் என்பவர்கள் செய்வது, ஓர் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து ஒரே வாசகத்தை நூறு கணக்குகளிலிருந்து போடுவது. ஒரு மணி நேரம் பட்டியலில் நிற்கும். அந்த ஒரு மணி நேரத்தில் சங்ககிரியில் ஒருவர் கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்.

இதற்கு நேர்மாறான ஒன்று 2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து'. அதில் 1989-ல் வந்த விஜயகாந்த் படப் பாட்டு, "நீ பொட்டு வச்ச தங்கக்குடம்", நாயகர்களில் ஒருவர் மைதானத்துக்குள் வரும்போது ஒலிக்கும். படம் பார்த்து வெளியே வந்தவர்கள் அந்தப் பாட்டை எடுத்து அவரவர் ஊர் கிரிக்கெட் டீமுக்கும், அப்பாவுக்கும், மாமாவுக்கும் ரீல்ஸ் போட்டார்கள். விளம்பரம் பார்ப்பவர் கைக்குப் போய்விட்டது. படத்துக்குள் அப்படி எடுத்துக்கொள்ள ஒன்று இருந்தது, அதனால் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் படத்தில் அப்படி ஒன்று இருக்கிறது, தம்பி. எடிட்டர் சேர்க்க மறுத்தாரே, அந்தக் காட்சிதான்.

நான்கு தடவை பார்த்தேன். ராத்திரி. ரிக்கின் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகப் புகை மாதிரி கல் மாவு பறக்கிறது. கம்பிரசர் சத்தத்தில் யாரும் பேசவில்லை. தோட்டக்காரப் பெரியவர் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், குழிக்குள் இறங்குவது எத்தனையாவது ராடு என்று விரலில் எண்ணிக்கொண்டே. மாவின் நிறம் மாறுகிறது. புழுதி அடங்கி ஈரமாகக் கட்டி கட்டியாக விழுகிறது. டிரில்லர் எதுவும் சொல்லாமல் ஒரு கைப்பிடி சேற்றை அள்ளி அந்தப் பெரியவர் உள்ளங்கையில் வைக்கிறார். பெரியவர் அதைப் பிசைந்து பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், அப்புறம்தான் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. வசனமே இல்லை. 42 நொடி. கொங்கு நாட்டில் போர் போட்டுப் பார்த்த எந்தக் குடும்பமும் இதைக் கடந்து போகாது. ஒரு போருக்கு வட்டிக்கு வாங்கிய பணமும், "இன்னும் நூறடி போய்ப் பார்க்கலாமா" என்று கேட்டு நின்ற நிமிடமும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ட்ரெய்லருக்கு அது இழுவையாக இருக்கலாம், எடிட்டர் சொன்னதில் தப்பில்லை. அதைத் தனியாக விடுங்கள். போனில் நிமிர்த்திப் பார்க்கிற அளவுக்கு வெட்டி, பின்னணி இசை எதுவும் சேர்க்காமல், அந்த இரைச்சலோடேயே விடுங்கள். கடைசி மூன்று நொடியில் படத்தின் பெயரும் தேதியும் போதும்.

ரிலீஸுக்கு 25 நாள் முன்னால் இதை விடுங்கள். விளம்பரக் காசு போடாமல் முதலில் வாட்ஸ்அப்பில். திருச்செங்கோட்டில் ரிக் ஓனர்களுக்கு, ஏஜென்ட்டுகளுக்கு, டிரில்லர்களுக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களுக்கு என்று எத்தனை குரூப் இருக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊர் வண்டிகள் ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான், ஆப்பிரிக்கா வரைக்கும் போய் நிற்கின்றன. அந்த வண்டியில் இருக்கும் மேனேஜரும் டிரில்லரும் ராத்திரி வேலை முடிந்து போனைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் ஸ்டேட்டஸ் வைத்தால் அதைப் பார்ப்பது ஊரில் இருக்கும் மனைவி, மச்சான், பங்காளி. தியேட்டருக்குப் போகப்போவது அவர்கள்தான். வீடியோ ஃபைல் சின்னதாக இருக்கட்டும், சிக்னல் குறைந்த காட்டில் நின்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

கூடவே ஒன்று கேளுங்கள்: "நீங்கள் தண்ணீர் பார்த்த வீடியோ இருந்தால் அனுப்புங்கள்." எல்லார் போனிலும் இருக்கும். நல்லதாகப் பத்து எடுத்து, அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் பெயரோடு உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுங்கள். இதைச் செய்ய ஏஜென்சி வேண்டாம். உங்கள் உதவி இயக்குநர்களில் போனிலேயே எடிட் பண்ணத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து ஆறு வாரம் இதற்கென்றே உட்கார வையுங்கள்.

இங்கே ஆடியோ கம்பெனி விஷயம் வருகிறது. இதை நாளைக்கே பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். ட்ரெய்லர் அவர்கள் சேனலில் வந்தால் பார்ப்பவர் எண்ணிக்கை கூடும், நல்லதுதான். ஆனால் உள்கணக்கு அவர்களிடம் இருக்கும், உங்களுக்குத் தெரியாது. எந்த ஊரில் பார்த்தார்கள், எத்தனையாவது நொடியில் போனார்கள் என்ற விவரத்தை வாரம் ஒரு முறை அனுப்பச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். இன்ஸ்டாகிராமில் அவர்கள் போடும் பதிவு உங்கள் பக்கத்திலும் சேர்ந்து வரும்படி கொலாப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் படப் பாட்டை உங்கள் சொந்தப் பக்கத்தில் பயன்படுத்த உங்களுக்கே அனுமதி. கேட்க விசித்திரமாக இருக்கும். நான் வேலை செய்த ஒரு படத்தில் ரிலீஸுக்கு முந்தைய ராத்திரி இயக்குநர் போட்ட ரீல்ஸுக்குச் சத்தம் போய்விட்டது. பாட்டு உரிமை வேறொருவருடையது என்று தளத்தின் இயந்திரமே நிறுத்திவிட்டது. கம்பெனியில் போனை எடுக்க ஆள் இல்லை. திங்கட்கிழமை பத்து மணிக்குச் சரிசெய்து கொடுத்தார்கள். அதற்குள் எங்கள் படம் பாதி தியேட்டர்களில் இருந்து போயிருந்தது.

அடுத்தது தியேட்டர் பட்டியல். அது கைக்கு வரும் வரை விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் போடாதீர்கள். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் மைக் கட்டி பிட் நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். ரோஸ் நிறத் தாளில் படத்தின் பெயருக்குக் கீழே தவறாமல் இரண்டு விஷயம் இருக்கும். எந்த டாக்கீஸ், எத்தனை மணிக் காட்சி. இன்றைக்கு லட்சம் லட்சமாகச் செலவு செய்து டிசைன் பண்ணுகிற போஸ்டர்களில் "நாளை முதல் உலகமெங்கும்" என்று இருக்கிறது. ராசிபுரத்துக்காரருக்கு எந்தத் தியேட்டர் என்று தெரியவில்லை. பெரிய படத்துக்கு அது தேவையில்லை, எல்லாத் தியேட்டரிலும் அதுதான் ஓடும். உங்கள் படம் ஊருக்கு ஒரு தியேட்டரில், ஒரே ஒரு காட்சி ஓடப்போகிறது.

அதனால் ஊர் ஊராகத் தனித்தனி விளம்பரம் செய்யுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் வரைபடத்தில் ஓர் இடத்தைக் குத்தி, அதைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட முடியும். பதிவுக்குக் கீழே இருக்கும் 'பூஸ்ட்' பொத்தானை அவசரத்தில் அழுத்தாமல், விளம்பர மேலாளர் பக்கத்துக்குள் போய் ஒவ்வொரு தியேட்டருக்கும் ஒரு வட்டம் போடுங்கள், 15 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் ஓடுகிற வீடியோவில் அந்தத் தியேட்டர் பெயர், அந்தக் காட்சி நேரம். பெரிய எழுத்தில், தமிழில். சின்ன ஊர்களில் ஆன்லைனில் டிக்கெட் போடாமல் நேராகக் கவுன்ட்டருக்கு வருபவர்கள் அதிகம், அவர்களுக்கு லிங்க்கைவிட நேரம்தான் முக்கியம். 40 வயதுக்கு மேற்பட்ட ரிக் ஓனர்களுக்கு ஃபேஸ்புக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராமும் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை மூடிவைத்துப் பார்ப்பவர்களும் இருப்பார்கள், வசனம் இருந்தால் எழுத்தாகவும் வரட்டும்.

60 தியேட்டர் உங்களுக்கு வேண்டுமா என்றும் யோசியுங்கள். திருநெல்வேலியிலும் வேலூரிலும் பகல் 11 மணிக் காட்சி கிடைப்பதைவிட, திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம், சங்ககிரி, சேலம், ஈரோடு, கரூர் பக்கம் 20 தியேட்டரில் மாலைக் காட்சி கிடைத்தால் அது பத்து மடங்கு நல்லது. டிஸ்ட்ரிபியூட்டரிடம் சண்டை போட வேண்டிய இடம் இதுதான். சின்னப் படங்களுக்கு நடக்கும் ஒரு கொடுமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆசையாக ஏழு பேர் வந்து நிற்பார்கள், "பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஷோ போடுவோம்" என்று கவுன்ட்டரில் சொல்லிவிடுவார்கள். அந்த ஏழு பேரும் திரும்ப வர மாட்டார்கள். அந்த ஏழு பேரை வரவழைக்கத்தான் அவ்வளவு செலவு செய்திருப்போம். அதனால் கூட்டத்தைச் சிதற விடாதீர்கள். ரிக் ஓனர்கள் குரூப்பில் "சனிக்கிழமை சாயங்காலக் காட்சிக்கு எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுங்கள்" என்று ஒரே காட்சியைச் சொல்லுங்கள். அந்த ஒரு காட்சி நிறைந்தால் மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு காட்சி தருவார். திங்கட்கிழமை யார் படம் இருக்கிறது, யார் படம் போகிறது என்பதை முடிவு செய்வது அந்த மூன்று நாள் நாற்காலிக் கணக்கு மட்டும்தான். ஆண்டுக்கு 200 படங்களுக்கு மேல் வருகிற இடம் இது, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஐந்து படம் வாசலில் நிற்கும்.

காசு கொடுத்து வாங்கும் 15 நல்ல விமர்சனங்கள் பற்றிக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பணம் வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அது விளம்பரம் என்று அங்கேயே போட வேண்டும். விளம்பரத் தர மன்றம் 2021-ல் இதற்கு விதி கொண்டுவந்தது, 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது, மீறினால் 10 லட்சம் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். முதல் நாள் 200 ரூபாய் கொடுத்து உங்களை நம்பி வருகிறவர் ஒரு பெயின்டராக இருக்கலாம், தறி ஓட்டுபவராக இருக்கலாம். பொய்யான புகழ்ச்சியைக் கேட்டு வந்தார் என்று தெரிந்தால் படத்தில் இருக்கும் நல்லதையும் அவர் மன்னிக்க மாட்டார். கமெண்டில் எழுதுவார், எழுதத்தான் வேண்டும்.

கெட்ட விமர்சனத்துக்குப் பயப்படவும் வேண்டாம். முதல் சில நாள்களுக்கு விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு நீதிமன்றம் வரை போனதும், 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்ததும் உங்களுக்குத் தெரியும். நட்சத்திரப் படத்துக்கு முதல் காட்சி விமர்சனம் இடியாக இறங்கலாம். உங்கள் படத்துக்கு ஆபத்து அதில் இல்லை, யாருமே பேசாமல் போவதில்தான் இருக்கிறது. அதனால் சென்னை பிரஸ் ஷோவை மட்டும் நம்பாமல், ரிலீஸுக்கு இரண்டு நாள் முன்பு திருச்செங்கோட்டில் ஒரு காட்சி போடுங்கள். 200 பேர். ரிக்கில் வேலை செய்பவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், போர் போட்டுத் தண்ணீர் வராமல் நஷ்டப்பட்ட விவசாயிகள் பத்துப் பேரையாவது. வெளியே வரும்போது மைக்கை நீட்டி "படம் எப்படி இருக்கு" என்று கேட்க வேண்டாம், எல்லோரும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். "உங்களுக்கு எந்த இடம் ஞாபகம் வந்துச்சு?" என்று கேளுங்கள். அவர்கள் சம்மதத்தோடு எடுத்த அந்தப் பதில்களை வெள்ளிக்கிழமை ராத்திரி விளம்பரமாக ஓட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரிதான் உங்கள் பணத்தின் நேரம். அதற்கு முன்பே தீர்த்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. 6 லட்சத்தில் வீடியோக்கள் வெட்டவும் உதவியாளர் சம்பளத்துக்கும் 60 ஆயிரம், முன்காட்சிக்கு 40 ஆயிரம், ரிலீஸுக்கு முந்தைய பத்து நாள் ஊர் வட்டங்களுக்கு ஒன்றரை லட்சம். சேலம், நாமக்கல் பக்கம் விவசாயம், லாரி, ஊர்ச் செய்தி என்று வீடியோ போடுகிற நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் நான்கைந்து பேருக்கு, விளம்பரம் என்று வெளிப்படையாகப் போட்டே, 50 ஆயிரம். இரண்டரை லட்சத்தை வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மேல்தான் தொட வேண்டும். எந்த ஊரில் கூட்டம் வந்ததோ அந்த ஊரில் போடுங்கள். கூட்டம் வராத ஊரைத் தூக்கி நிறுத்தலாம் என்று மனசு சொல்லும், கேட்காதீர்கள். மீதி 50 ஆயிரம் கையில் இருக்கட்டும், ஏதாவது வரும்.

கமெண்டுகளுக்கு நீங்களே பதில் எழுதுங்கள், ராத்திரி ஒரு மணி நேரம். திட்டுபவருக்கும் மரியாதையாக. ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உங்கள் ஹீரோ எந்த ஆளு, கதை எந்தச் சமூகத்துக் கதை என்று கேட்டு வருவார்கள். "நம்ம ஆளுங்க படம்" என்று கொண்டாடிப் பகிரவும் வருவார்கள், அது பார்க்க ஆதரவு மாதிரியே இருக்கும். ஒன்று விடாமல் நீக்குங்கள். ஒரு சாதியின் படம் என்று பெயர் விழுந்துவிட்டால் உங்கள் வண்டியில் ராடு மாட்டுகிற பையனுக்கும், அந்தச் சேற்றைக் கையில் வாங்கிய பெரியவருக்கும் நீங்கள் செய்த வேலை வீணாகிவிடும்.

தியேட்டருக்குள் யாராவது பத்து நொடி எடுத்து ஸ்டோரி போட்டால் உடனே காப்பிரைட் ஸ்ட்ரைக் அடிக்காதீர்கள், அன்பாகச் சொல்லி எடுக்க வையுங்கள். முழுப் படத்தை எடுப்பவரை விடாதீர்கள். 2023 திரைப்படத் திருத்தச் சட்டத்தில் அதற்குக் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் அபராதமும் இருக்கிறது.

ஏஜென்சிக்காரரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தியேட்டர் பட்டியல் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்த வட்டத்துக்கு எவ்வளவு என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம், அதற்குக் காசு வேண்டாம்.

அப்புறம், மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் அந்த டிரில்லர் அண்ணனுக்கு இன்றைக்கே போன் போட்டு முன்காட்சியின் தேதியைச் சொல்லுங்கள். ஓனரிடம் நீங்களே பேசி லீவு வாங்கிக் கொடுங்கள், ரயில் டிக்கெட்டை கையில் வைக்கச் சொன்ன அந்த மீதி 50 ஆயிரத்தில் இருந்து எடுங்கள். 42 நொடி வீடியோ முதலில் அவர் போனிலிருந்து கிளம்பட்டும்.